கவுன்சிலர் மேடத்துக்கு நான் சொன்ன பதில்

அன்புள்ள தம்பிக்கு,

நீ போனை எடுப்பதில்லை. அதனால் ஊருக்கு வந்த உன் ரூம்மேட் சார்லஸிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். போன வாரமே எழுதியிருக்க வேண்டும்.

நீ மூன்று வாரமாக வகுப்புக்குப் போகவில்லை, மெஸ்ஸில் சாப்பிடுவதும் இல்லை என்று சிதம்பரத்திலிருந்து உங்கள் காலேஜில் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் மேடம் எனக்குப் போன் செய்தார். அம்மா புது நம்பரை எடுக்கமாட்டாள் என்று ஹாஸ்டல் பாரத்தில் நீ என் நம்பரைத்தான் கொடுத்திருந்தாய். "வீட்டுலேருந்து யாராவது வர முடியுமாம்மா?" என்று கேட்டார். பக்கத்தில் மாமியார் இருந்தார். "அவன் எப்பவுமே அப்படித்தான் மேடம், ஒண்ணுமில்ல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

பாப்பா பிறந்த புதிதில் நான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். என்னவென்று யாராவது கேட்கமாட்டார்களா என்று இருக்கும். உன்னைப் பற்றிக் கேட்க ஒருவர் வந்தார், அவரை நானே அனுப்பிவிட்டேன்.

நேற்று மேடத்திடம் நானே பேசினேன். புதன்கிழமை பதினோரு மணிக்கு நம் இருவரையும் வரச் சொன்னார். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். நீ மேடத்தின் அறைக்குள் என்ன பேசினாய் என்று கேட்கமாட்டேன்.

அப்பாவிடமும் சொன்னேன். "வலை இழுக்குற எனக்கே ஒண்ணுமில்ல, ஃபேனுக்குக் கீழ ஒக்காந்து படிக்கிறவனுக்கு என்னாடி?" என்றார். பிறகு சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு, "நானும் வரட்டா? திட்டமாட்டேன்னு அவன்கிட்ட சொல்லு" என்றார். வரலாமா என்று சார்லஸ் போனிலிருந்து ஒரு வார்த்தை சொல்.

புதன் வரை தனியாக இருக்காதே. சார்லஸ் உன் கூடவே இருப்பான். ரூம் கதவைத் தாழ் போடாதே, கண்ணா.

உன் அக்கா