ஹார்ன் அடிக்காத வண்டி

பென்னாகரம்
வைகாசி 3

அன்பு மகள் கலைமதிக்கு அப்பா எழுதுவது. முழங்கால் வலியை விட்டுவிட்டால் நான் சுகம், என்னைத் திட்டுவதற்கு வேண்டிய தெம்போடு அம்மாவும் சுகம். டொரண்டோவில் நீயும் மாப்பிள்ளையும் நித்திலாக் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் பேசினால் பாதியில் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் தாளை எடுத்தேன். இதைப் போட்டோ பிடித்து அனுப்பச் சொல்கிறேன், தபாலை நம்பினால் அதற்குள் நீ டிக்கெட்டை ரத்து செய்துவிடுவாய்.

ஞாயிற்றுக்கிழமை நீ, "இந்த வருஷமும் வேணாம்ப்பா, அவ்ளோ நேரம் பிளேன்ல அவள வெச்சிக்கிட்டு மறுபடியும் என்னால முடியாது" என்றாய். நான் சரிம்மா என்று வைத்துவிட்டேன். எனக்குச் சரி இல்லை. மூன்று வருடத்துக்கு முன் பெங்களூரு விமான நிலையத்தில் நடந்தது என் மனதிலும் அப்படியே இருக்கிறது. வேன் பிடித்து இருபத்திரண்டு பேர் வந்தோம், உன் பானுமதி அத்தை வண்டி நிறுத்துமிடத்திலேயே ஆரத்தி கரைத்தாள், நான் தருமபுரியில் வாங்கிய சாமந்தி மாலையோடு முதல் ஆளாக நின்றேன். மாலை கழுத்தில் பட்டதும் குழந்தை அலறிக்கொண்டு காதைப் பொத்தித் தரையில் விழுந்தாள். அத்தை கண்ணு பட்டிருச்சு என்று ஆரத்தியை இன்னொரு சுற்று சுற்றினாள். நானோ அத்தனை பேர் முன்னால், "செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கற" என்றேன். ஆட்டிசம் என்றால் என்னவென்று நீ அதற்கு முன்பே எனக்குப் பொறுமையாகச் சொல்லியிருந்தாய், நான் தலையை ஆட்டினேனே தவிர காதில் வாங்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் முணுமுணுத்ததால் பாதி வழி கழிவறைப் பக்கம் அவளைத் தூக்கிக்கொண்டு நின்றே வந்தாய் என்று மாப்பிள்ளை போன மாதம்தான் சொன்னார். அப்படி வந்த உன்னைத்தான் நான் அந்த வார்த்தை சொன்னேன். தப்பு என்னுடையது, கலைமதி.

அதைக் கேட்டதிலிருந்து, நான் கண்டக்டராக இருந்த நம் டவுன் பஸ்தான் ஞாபகத்துக்கு வருகிறது. உனக்கு ஐந்து வயது இருக்கும். டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோர சீட்டு, அதில் மட்டும்தான் உட்காருவாய், மடியில் என் தோல் பை இருக்க வேண்டும். வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் இண்டூர் வரைக்கும் அழுகை. டிரைவர் காளியப்பன் திரும்பிப் பார்த்து, "அது கண்டக்டர் பாப்பா சீட்டுங்க, கொஞ்சம் எந்திரிங்க" என்பார். சந்தைக் கூடையோடு வந்த பெண்கள்கூடச் சிரித்துக்கொண்டே எழுந்து நிற்பார்கள். ஹார்ன் சத்தமும் உனக்கு ஆகாது. நீ ஏறிவிட்டால் காளியப்பன் ஹார்னைத் தொடமாட்டார், வளைவு வந்தால் வேகத்தைக் குறைத்து ஜன்னல் வழியே கையை நீட்டி வண்டித் தகரத்தில் தட்டுவார். வண்டி தாமதமாகும், டிப்போவில் நான் பதில் சொல்லிக்கொள்வேன். இந்தப் பெண்ணுக்கு என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. எவ்வளவு நல்ல நாட்கள் அவை. என் பெண்ணுக்கு ஒரு பஸ்ஸே விட்டுக்கொடுத்ததை மறந்துவிட்டு, பேத்திக்கு என்னால் ஒரு மாலையை விட்டுக்கொடுக்க முடியவில்லை.

இந்த முறை வேன் கிடையாது, ஆரத்தி கிடையாது, காது குத்து பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லியாகிவிட்டது. அத்தை நான்கு நாளாக என்னோடு பேசவில்லை, பேசாமல் இருக்கட்டும். விமானத்தில் நித்திலாவுக்கு ஜன்னல் சீட்டாகக் கேட்டு வாங்கு, அவள் விடாமல் பிடித்திருக்கும் அந்த நீலப் போர்வையைக் கைப்பையிலேயே வை, யார் முறைத்தாலும் நீ தலை குனியாதே. வெளியே நான் ஒருவன்தான் தூணோரம் நிற்பேன், கூப்பிடமாட்டேன். அவள் என்னைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. ஆள் ஏறும்வரை விசில் கொடுக்காமல் நிற்பது எனக்குப் பழக்கம்தானே.

காளியப்பன் காலமாகி நான்கு வருடமாகிவிட்டது. உங்களை அழைத்துவர அவர் மகன் குருவின் காரைத்தான் வாடகைக்குப் பேசப் போனேன். வழியில் ஹார்ன் அடிக்காதே தம்பி என்று நான் தயங்கித் தயங்கி ஆரம்பிப்பதற்குள் அவன், "பாப்பா ஏறுனா ஹார்ன் கெடையாதுன்னு எங்கப்பா எப்பவோ சொல்லிட்டாருங்க மாமா" என்றான். வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூவரும் நோய் நொடியின்றி நீடூழி வாழ முனியப்பன் சாமி துணை நிற்கட்டும். டிக்கெட்டை ரத்து செய்யாதே. உன் சீட்டு அப்படியேதான் இருக்கிறது.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அப்பா,
கா. மாதேஸ்