கீழ்வயல் இன்னும் காயவில்லை

இயேசு மரி சூசை

அயோவா,
ஏப்ரல் 30

அன்புள்ள டெனிஸுக்கு,

நெப்ராஸ்காவில் உன் தாய் வீட்டில் உன்னையும் ஜோசியையும் ஆண்டவர் சுகமாக வைத்திருக்கிறார் என்று நம்பி எழுதுகிறேன். தொலைபேசியில் கூப்பிட்டுப் பார்த்தேன், நீ எடுக்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை. கடிதம் என்றால் உனக்குத் தோன்றும்போது பிரித்துக்கொள்ளலாம்.

இங்கே இன்னும் விதைக்கவில்லை. மற்ற ஆண்டுகளில் இந்தத் தேதிக்கு மேல்வயலில் மக்காச்சோளம் முடிந்திருக்கும், கீழ்வயலில் பாதி ஆகியிருக்கும். இந்த ஆண்டு பனி உருகியதும் மழை பிடித்துக்கொண்டது. விரல் ஆழத்தில் மண் இன்னும் சில்லென்று இருக்கிறது. குளிர்ந்த மண்ணில் விழுந்த விதை தண்ணீரைக் குடித்துவிட்டு முளைக்காமல் அழுகிவிடும். ஆகவே காத்திருக்கிறோம். என் பிள்ளை கர்ட் இறப்பதற்கு முந்தைய வாரம் கொட்டகையில் அடுக்கிய விதை மூட்டைகள் அடுக்கியபடியே இருக்கின்றன.

அடக்கம் முடிந்து கிளம்பும்போது நீ கார் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னதை மறக்கவில்லை. "அம்மா, அவரு பாத்துப் பாத்து வாங்குன விதை. இந்த வருஷம் அதத்தான் போடணும். வேற எதையும் போட்டுடாதீங்க" என்றாய். சரி என்றேன். நான் சரி என்று சொன்னால் அது சரிதான்.

அடக்கத்தன்று ஊரார் கொண்டுவந்த சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எல்லாவற்றின் அடியிலும் பெயர் ஒட்டியிருந்தது, ஒரு நீலக் கண்ணாடித் தட்டைத் தவிர. அதைப் பற்றிக் கோயிலில் அறிவிக்கச் சொன்னேன். யாரும் கேட்டு வரவில்லை.

என் பேத்தி ஜோசி முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை நாள் பற்றி ஃபாதர் விசாரித்தார். அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும், எந்தப் பீடத்திலும் அதே நற்கருணைதான் என்று சொல்லிவிட்டேன். அவளுடைய வெள்ளை உடையின் ஓரத்தைப் பிரித்து, கொஞ்சம் இறக்கித் தைத்து அனுப்பியிருக்கிறேன். வளர்ந்திருப்பாள்.

இப்படிக்கு,
பெர்னடீன் தைஸன்


இயேசு மரி சூசை

மே 22

அன்புள்ள டெனிஸுக்கு,

உடை வந்து சேர்ந்ததென்று உன் தாயார் அட்டை எழுதியிருந்தார். அவருக்கு என் நன்றி.

ஊரில் என்னைப் பற்றி உன் காதுக்கு ஏதாவது வந்திருந்தால், நடந்தது இதுதான். இந்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை பக்கத்துப் பண்ணை ஆல்வின் ஹோஷ், நம் கோயில் பங்கிலிருந்து இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, விதைக்கும் இயந்திரங்களோடு நம் வாசலில் வந்து நின்றான். பின்னாலேயே பெண்கள், பன்றி இறைச்சி வைத்த ரொட்டிகளோடு. கர்ட்டுக்காக எல்லாரும் கூடி ஒரே நாளில் நம் நிலத்தை விதைத்து முடிப்பதென்று பூசைக்குப் பிறகு பேசி வைத்திருக்கிறார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

இரண்டு நாள் வெயில் அடித்திருந்தது. நான் மண்வெட்டியோடு இறங்கிப் போய், விதை விழும் ஆழத்துக்குத் தோண்டி, ஒரு பிடி அள்ளி அழுத்தினேன். உதிரவில்லை. கொழுக்கட்டை மாதிரி நின்றது. மண் பதமாக இல்லை, இன்று வேண்டாம் என்றேன்.

"மேல நல்லா காஞ்சிருக்கே, பெர்னடீன்" என்றான் ஆல்வின்.

"வேர் மேலேயா ஓடும்?" என்று கேட்டேன்.

"கன்னியாஸ்திரிங்ககிட்ட படிச்சவங்க இல்லையா! மண்ணுக்குக்கூட மார்க் போடுவீங்களோ?"

"போட்டாச்சு. நூத்துக்கு முப்பது. ஃபெயில்."

ஆண்கள் சிரித்தார்கள். ஆல்வினின் மனைவி கானி சிரிக்கவில்லை. "நாங்க என்ன ரொட்டி திங்கவா வந்தோம்? கர்ட்டுக்காக வந்தோம்" என்று அவள் சொன்னது என் காதில் விழவேண்டும் என்றே சொன்னாள். கர்ட் இந்த ஈரத்தில் இயந்திரத்தை இறக்கமாட்டான் என்று பதில் சொன்னேன். கொட்டகையில் நின்றபடி ரொட்டியைத் தின்றுவிட்டுப் போய்விட்டார்கள். உதவிக்கு வந்தவர்களை இந்த ஊரில் யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

வந்த வேகத்தில் ஆல்வின் தன் நிலத்தில் விதைத்தான். மறுநாளே பெருமழை. பிறகு இரண்டு நாள் காய்ந்த காற்று. மண் பொருக்குத் தட்டி ஓடாகிவிட்டது. முளைகள் மேலே வர வழியில்லாமல் உள்ளேயே சுருண்டு கிடக்கின்றன. அவன் திரும்ப விதைக்கவேண்டும். நான் சொன்னது சரியானதில் எனக்கும் லாபமில்லை. அதே மழை கீழ்வயலைக் குளமாக்கிவிட்டது. இரண்டு காட்டு வாத்துகள் அதில் குடியேறியிருக்கின்றன.

இனி நான் எழுதுவதைக் கவனமாகப் படி. விதை ஏஜெண்ட் ரான் வந்திருந்தார். கர்ட் வாங்கியது நீண்ட கால ரகம். மாதக் கடைசிக்குமேல் அதை விதைத்தால் மணி முற்றுமுன் பனி கொன்றுவிடும். மூட்டைகளைத் திருப்பிக் கொடுத்தால் குறுகிய கால ரகம் தருகிறாராம், ஆனால் உடனே சொல்லவேண்டுமாம். அவரும் பல பேருக்குப் பதில் சொல்லவேண்டியவர். ஒரு வாரம் தவணை வாங்கியிருக்கிறேன்.

இதற்கு மட்டும் பதில் எழுது, டெனிஸ். ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
பெர்னடீன்


இயேசு மரி சூசை

ஜூன் 11

அன்புள்ள டெனிஸுக்கு,

உன் வரி வரவில்லை. தவணைக்கு மேலும் இரண்டு நாள் காத்திருந்துவிட்டு மூட்டைகளைக் கொடுத்துவிட்டேன்.

ரானும் அவருடைய ஆளும் வண்டியில் ஏற்றினார்கள். அடுக்கின் கடைசியில் ஒரு மூட்டை பிரித்திருந்தது. தையலை ஒழுங்காக உருவி, வாயைச் சணல் கயிற்றால் கட்டியிருந்தான் கர்ட். "பிரிச்சத எடுக்க முடியாதுங்க, தப்பா நினைக்காதீங்க" என்றார் ரான். ஏன் பிரித்தான் என்று தெரியவில்லை. சாப்பிட வரும்போது அவனிடம் கேட்கவேண்டும் என்று எண்ணிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். படியேறும்போதுதான் புரிந்தது.

மேல்வயலில் குறுகிய கால மக்காச்சோளம் போட்டாயிற்று. கீழ்வயலில் தண்ணீர் வடிந்து மண் பதப்பட்டபோது மக்காச்சோளத்துக்குக் காலம் கடந்துவிட்டது. அதில் சோயா போட்டோம். மக்காச்சோளத்துக்கென்று கர்ட் போன இலையுதிர் காலத்திலேயே அங்கே போட்ட உரம் வீண்தான். சோயாவுக்கு அது வேண்டாம்.

விதைத்தது ஆல்வின். இந்த முறை தனியாக வந்தான். தொப்பியைக் கழற்றிவிட்டு, "இன்னைக்கு எவ்வளவு போடுறீங்க?" என்று கேட்டான். அறுபது, பாஸ் என்றேன். பிறகு அந்தப் பிரித்த மூட்டையைக் காட்டி, வீட்டுக்கு வரும் பாதை ஓரமாக இதைப் போடு என்றேன்.

"இது முத்தாது, பெர்னடீன். பால் பிடிக்கும்போதே பனி வந்துடும்."

"தெரியும். போடு."

அவன் மூட்டையின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "செப்டம்பர்ல பச்சையா வெட்டி என் மாடுங்களுக்குப் போட்டுக்கட்டுமா?" என்றான். போட்டுக்கொள் என்றேன். ஏறக்குறைய இரண்டு ஏக்கருக்கு வந்தது.

உனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். மழைமீது பழி போடமாட்டேன். மூட்டைகளைத் தூக்கிக் கொடுத்தது மழை இல்லை. மன்னிப்புக் கேட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்தும் அது வரவில்லை. இந்த வசந்தத்தில் எனக்கு எதுவும் வருவதில்லை. பூசையில்கூட உதடுதான் அசைகிறது. அடக்கத்தன்று நான் அழவில்லை என்று நீ பார்த்தாய். இன்னும் இல்லை.

பாதை ஓரத்தில் போட்டது நேற்று முளைத்துவிட்டது. வரிசை பிசகவில்லை, ஒரு சந்துகூட இல்லை. நல்ல விதைதான். செப்டம்பரில் ஆல்வின் வெட்டும்வரை நிற்கும்.

என்மேல் கோபமிருந்தால் அதைத் தாளில் எழுதி அனுப்பாதே. நேரில் வந்து, அந்தப் பாதையில் நின்று, உரக்கத் திட்டு. ஜோசி கேட்டாலும் பரவாயில்லை. நான் பதில் பேசமாட்டேன்.

வழியெல்லாம் ஆண்டவர் உங்கள் இருவரோடும் வரட்டும்.

அம்மா