பெயருக்காக விட்ட காலி இடம்

இன்று காலை பட்டறையில் கம்ப்யூட்டரைத் திறந்தால், கணக்கு புரோகிராமின் உரிமக் காலம் முடிந்துவிட்டது, பணம் கட்டினால்தான் உள்ளே விடுவேன் என்று திரையில் சிவப்பாக வந்து நின்றது. வாசலில் லாரி. டிரைவர் விடாமல் ஹாரன் அடிக்கிறான். நாங்கள் லேத்தில் கடைந்த சாமான், நாங்கள் போட்ட கணக்கு. அதை நாங்களே பார்க்க எவனிடமோ கை கட்டி நிற்க வேண்டும். "நாசமாப் போக!" என்று வாய்விட்டே திட்டினேன். அப்புறம் உன் ஞாபகம் வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இதையெல்லாம் இனி யாரிடம் சொல்வது?

அப்போது தொண்ணூறுகளின் தொடக்கம். நீ பேரிகையிலிருந்து வருவாய், நான் தேன்கனிக்கோட்டையிலிருந்து. ஓசூரில் ஒரே பட்டறையில் உனக்குக் கணக்கு, எனக்குச் சாமான் அனுப்புகிற டெஸ்பாட்ச். இங்கே கடைந்த சாமான் முலாம் பூச பெங்களூர் போய்த் திரும்பி வர வேண்டும். நடுவில் மாநில எல்லையில் ஜூஜுவாடி செக்போஸ்ட். சாமானோடு போகிற சலானில் ஓர் எண் பிசகினாலும் வண்டியை ஓரங்கட்டிவிடுவார்கள். திட்டு வாங்குவது நான். ஒருநாள் பாத்ரூமில் நின்று அழுதுகொண்டிருந்தேன். வெளியே நின்று கதவைத் தட்டினாய்.

"ஏமே, வெளிய வா. இந்த எழவ மிஷினே எழுதற மாதிரி பண்ணித் தர்றேன். இதுக்குப் போயி அழுவாங்களா?"

சொன்னபடியே செய்தாய். சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் களி உருண்டை, ஒரு கையில் கீபோர்டு. சாமான் இருப்பு, சலான், இரண்டு மாநில வரி, எல்லாம் ஒரே திரையில் வந்தது. சோதித்துப் பார்க்க ஒரு வாடிக்கையாளர் பெயர் வேண்டும் என்று உங்கள் வீட்டு மாட்டின் பெயரைப் போட்டாய். கெம்பி என்ற பெயருக்கு முதல் சலான் அடித்து வந்தபோது நாம் சிரித்த சிரிப்பில் முதலாளியே எட்டிப் பார்த்தார்.

பக்கத்துப் பட்டறைக்காரர்கள் கேட்டார்கள். பிளாப்பியில் போட்டுக் கொடுத்தாய். புரோகிராமுக்குள் நீ எழுதிய கட்டளைகள் எல்லாவற்றையும் யாரும் பார்க்கும்படி திறந்தே கொடுத்தாய். உனக்கு இருந்தது ஒரே நிபந்தனை. யார் எதைத் திருத்தினாலும், திருத்தியதை மற்றவர்களுக்கும் தர வேண்டும். அத்திப்பள்ளிக்காரர் ஒருவர் கர்நாடக வரியைச் சரிசெய்து கொண்டுவந்து தந்தபோது உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! திரையின் மேலே ஒரு பட்டையைக் காலியாக விட்டிருந்தாய். வாங்குகிற பட்டறையின் பெயரை அதில் அடித்துக் கொடுப்பாய். தங்கள் பெயர் மினுங்குவதைப் பார்த்து முதலாளிமார் குழந்தை மாதிரி பூரித்துப் போவார்கள்.

"உன் பேரையும் ஒரு மூலைல போடேன்டி" என்றேன்.

"ஒற மோர் கேட்டு வந்தா, பேரெழுதியா ஊத்துவாங்க? போடி."

அந்தக் காலி இடம்தான் நம்மைக் கவிழ்த்தது. பெங்களூர்க் கம்பெனி ஒன்றின் கைக்கு எப்படியோ ஒரு பிளாப்பி போய்ச் சேர்ந்தது. பட்டையில் தங்கள் பெயரை அடித்தார்கள். யாரும் உள்ளே பார்க்க முடியாதபடி பூட்டினார்கள். நமக்கெல்லாம் ஆர்டர் தருகிற பெரிய ஆலைக்கே அதை விற்றார்கள். அப்புறம் உனக்கு வக்கீல் நோட்டீஸ் விட்டார்கள். நீதான் அவர்களுடையதைத் திருடிப் பரப்புகிறாயாம். இருப்பையும் சலானையும் வரியையும் இணைக்கிற அந்தச் செய்முறையே அவர்களுக்குச் சொந்தமாம், வேறு விதமாகத் திருப்பி எழுதினாலும் விடமாட்டார்களாம். அடப் பாவிகளா! அவர்கள் விற்ற புரோகிராமில் கெம்பிகூட அப்படியே இருந்தாள்.

ஓசூர் வக்கீல் நல்ல மனிதர். "செய்முறை சொந்தம்ங்கறதெல்லாம் கோர்ட்ல நிக்காதும்மா. ஆனா நீங்கதான் முதல்ல எழுதுனீங்கன்னு காட்டணும். மாட்டு பேரும், கூட வேல பாக்கறவங்க சொல்றதும் போதாது. உங்ககிட்ட வாங்குனவங்க நாலு பேரு வந்து சொல்லட்டும், பாத்துக்கலாம்" என்றார்.

நாலு பேர்தானே என்று கிளம்பினோம். தொழிற்பேட்டையில் உன் பிளாப்பி போகாத தெரு கிடையாது. முதல் பிளாப்பி வாங்கியவரிடமே முதலில் போனோம். காபி வரவழைத்தார். விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"உன்னுது நல்லாத்தாம்மா ஓடுது. நான் இல்லைங்கல. ஆனா ஆர்டர் தர்ற பெரிய ஆலைல அந்த பெங்களூர்க்காரன் சாப்ட்வேர்ல அடிச்ச சலான்தான் எடுப்போம்ங்கறாங்க. நான் போயி சாட்சி சொன்னா எனக்கு ஆர்டர் யாரு குடுப்பா?"

அடுத்தவர் ஊரில் இல்லை என்று சொல்லச் சொன்னார். அவர் குரல் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது. ஒருவர் கன்னடத்தில் மழுப்பினார், ஒருவர் தெலுங்கில். மூன்று மொழியிலும் ஒரே பதில்தான். நான் கத்தினேன். நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாய்.

கடைசியில் அந்தக் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாய், இனி எழுதமாட்டேன், யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று. உன்னிடம் இருந்ததை அழிப்பதற்குக் கம்பெனி ஆள் வந்தான். "நானே அழிக்கறேன், நீ கை வெக்காத" என்றாய். ஒவ்வொரு பிளாப்பியாகப் போட்டாய். நிச்சயம்தானா என்று மிஷின் ஒவ்வொரு தடவையும் கேட்டது. ஆமாம், ஆமாம் என்று தட்டிக்கொண்டே போனாய். நீ அழவில்லை. எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

அப்புறம் வேறு பட்டறையில், பூட்டிய அதே புரோகிராமை ஓட்டுகிற ஆபரேட்டராகச் சேர்ந்தாய். ஏதாவது தப்பாக வந்தால் எங்கே பிசகு என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் பெங்களூருக்குப் போன் போட்டுவிட்டு, ஆள் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். "ஏன்டி இப்பிடி?" என்று கேட்டதற்கு, "சம்பளம் வருதில்ல" என்றாய். அதற்குமேல் நாம் அதைப் பேசவே இல்லை.

உன் காரியத்துக்குப் பேரிகைக்கு வந்திருந்தேன். அன்றைக்குக் காபி கொடுத்தவரும் வந்திருந்தார். தள்ளாத வயசு. உன் தம்பியிடம், "தங்கமான பொண்ணுப்பா. அந்த பெங்களூர்க்காரன் சாப்ட்வேர இவ மாதிரி ஓட்டறதுக்கு ஓசூர்ல ஆளே கெடையாது" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அது அவ எழுதுனது சார்" என்றேன்.

"எதும்மா?" என்றார்.

அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே மறந்து போயிருந்தார். உன் தம்பியும் என்னைப் புரியாமல் பார்த்தான். வீட்டில்கூட நீ சொல்லியிருக்கவில்லை. எழுதியவள் நீ என்பதை நினைவில் வைத்திருப்பவள் இப்போது நான் ஒருத்திதான். நானும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆதாரம் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்கிறார்கள்.