முப்பது மீட்டர்

எங்கடின், சுவிஸ் ஆல்ப்ஸ், பிப்ரவரி

என் வழிகாட்டிக்கு,

மலைக்குடிலுக்கு ரொட்டி சுமந்து வரும் குர்தினிடமே இதையும் கொடுத்தனுப்புகிறேன். கூடவே அனுப்பும் பார்லி சூப்பைச் சூடாக்கிக் குடி. புதிதாக வந்திருக்கும் வழிகாட்டி செரைனாவுக்கும் ஒரு கிண்ணம் கொடு.

நேற்றுக் காலை தொலைநோக்கியை என் கையில் திணித்தவனும் குர்தின்தான். "உன் புருஷனும் அந்தப் பொண்ணும் போன தடத்தைப் பாரு. மாப்பிள்ளை பொண்ணு மாதிரில்ல ஒட்டிக்கிட்டுப் போயிருக்காங்க!"

பார்த்தேன். செங்குத்துச் சரிவின் குறுக்கே, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பனிச்சறுக்குத் தடங்கள். மதியம் அந்தச் சரிவின் பனி மொத்தமும் பெயர்ந்து விழுந்து இரண்டையும் அழித்துவிட்டது.

பதினோரு வருஷமாக அதே இடத்தில் என்னைப் பாறையடியில் நிறுத்திவிட்டுத்தான் நீ முதலில் கடப்பாய். சேர்ந்து போகலாமே என்று கெஞ்சினால், "பனி சரிஞ்சா ரெண்டு பேருமே புதைஞ்சிருவோம். அப்புறம் தோண்டி எடுக்க ஆளு வேணாமா?" என்பாய். சரிவில் ஆளுக்கு ஆள் முப்பது மீட்டராவது இடைவெளி வேண்டும் என்று ஊருக்கே பாடம் நடத்துகிறவன் நீ.

புதைந்தவரைத் தேடும் கருவிக்குப் புது பேட்டரி வைத்திருக்கிறேன், இரண்டு பேருக்கும். இனி அவளை விட்டு முப்பது மீட்டர் தள்ளியே போ. பனிச்சரிவுக்காகத்தான் சொல்கிறேன்.

ஒரே ஒரு தடவை, என்னோடு போகும்போது நீ அந்தப் பாடத்தை மறந்திருக்கலாமே.

பாறையடியில் காத்து நின்றவள்