அக்காவின் சுவரொட்டியில் பாதி காலி

ஜூன் 3
பஸ்ஸில் வரும்போது ஒரு கடைப் பலகையைக்கூட நிம்மதியாகப் படிக்க முடியவில்லை. பல் டாக்டர் போர்டில் பெயரெல்லாம் இடது பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, போன் நம்பர் மட்டும் வலது மூலையில் கோபித்துக்கொண்டு நிற்கிறது. இறங்கிப் போய் நகர்த்தி வைக்கலாமா என்று கை துறுதுறுத்தது. மூன்றே மூன்று சனிக்கிழமை வகுப்புக்கே இந்தக் கதி!

கூரியர் ஆபீஸில் பார்சலுக்குச் சீட்டு ஒட்டுகிறவளுக்கு டிசைன் வகுப்பு எதுக்கு என்று அம்மா கேட்கிறாள். கோடு, வடிவம், நிறம், எழுத்து, இடம் — எல்லாம் கண்ணெதிரே கிடந்திருக்கின்றன. இத்தனை வருஷம் நான் எங்கே பார்த்துக்கொண்டு நடந்தேன்?

ஜூன் 5
அக்கா வார்டு தேர்தலில் நிற்கிறாள்! ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள், இந்த வார்டில் அவளுக்குத் தெரியாத குழி கிடையாது. எதிரில் நிற்பவர் ஹார்டுவேர் கடைக்காரர், போன தடவை ஜெயித்தவர்.

"போஸ்டர் நீதான் பண்ற," என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூன் 7
முதல் போஸ்டரை வகுப்புக்கு எடுத்துப்போனேன். அக்கா முகம், வேன், தண்ணீர்க் குழாய், சாலை, அத்தானின் வாழ்த்து, நட்சத்திரங்கள், ஆறு நிறம். ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று பெருமை வேறு.

டீச்சர் என்னைவிடச் சின்னப் பெண். "கண்ணப் பாதி மூடிக்கிட்டு பாருங்க. என்ன தெரியுது?"

பார்த்தேன். "குப்பைக்கூடை."

வகுப்பே சிரித்தது. நானும்தான். ஆனால் உள்ளுக்குள் என்னவோ பளிச்சென்று திறந்த மாதிரி இருந்தது. எல்லாமே பெரிசாக இருந்தால் எதுவும் பெரிசில்லை. வீட்டுக்கு ஓடிவந்து ஒவ்வொன்றாக அழித்தேன். அழிக்க அழிக்க என்ன சந்தோஷம்!

ஜூன் 9
முடிந்தது. மேலே தடித்த கறுப்பில் ஒரே வரி: "உங்கள் தெருவில் என்ன பிரச்சினை?" கீழே இடது ஓரத்தில் சின்னதாக அக்கா முகம், பக்கத்தில் பெயரும் தேர்தல் சின்னமும். மேல் வரிக்கும் முகத்துக்கும் நடுவே வெறும் வெள்ளை. கண் மேலே போய், இளைப்பாறி, கீழே அக்காவிடம் வந்து சேருகிறது. எனக்கே நம்ப முடியவில்லை.

ஜூன் 10
அக்கா தாளைத் திருப்பிப் பார்த்தாள். "மீதி எங்கடி?"

"அவ்ளோதான்."

"பாதி பேப்பர் மொட்டையா கிடக்கு!"

"இந்த இடத்துல என் போட்டோவ வச்சாகூட ஒரு நியாயம் இருக்கும்," என்றார் அத்தான்.

தொண்டை வற்ற வாதாடினேன். கடைசியில் அக்கா தாளைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள். "நான் நிக்கிறதே ஒரு தடவதான்டி. உன்ன நம்புறேன். தோத்தா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவேன்."

ஜூன் 12
பிரஸ்காரர் போன். "படம் விட்டுப்போச்சும்மா. ஒரு ரோஜாப்பூ போட்டு அடைச்சிரட்டுமா?"

"கைய வைக்காதீங்க!" பார்சல் எடுக்க வந்தவர் பயந்துவிட்டார்.

பளபளப்புத் தாளும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெயில் பட்டால் எழுத்தே தெரியாது.

ஜூன் 15
ஒட்டியாச்சு! கடைக்காரரின் பத்து முகத்துக்கு நடுவே நம்முடையது ஒன்று, பஸ்ஸிலிருந்தே தெரிகிறது.

ஜூன் 17
எவனோ கிறுக்கிட்டான். ஒண்ணுல இல்ல, பாக்குற போஸ்டர்ல எல்லாம். "உன் காலி இடம்! போய்ப் பாரு, கக்கூஸ் சுவர் மாதிரி இருக்கு"ன்னு அக்கா போன்ல கத்துறா. நான் என்ன பண்ணுவேன்? அந்த ரோஜாப்பூவையே போட்டுத் தொலைச்சிருக்கலாமோ? பார்சல் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன்.

ஜூன் 18
மேலே புதுசு ஒட்டிவிடலாம் என்று பசை வாளியோடு போனேன். ஒட்டுவதற்கு முன்னால் படித்துத் தொலைத்தேன்.

"மூணாவது தெருவுல லைட் எரியல." அதன் கீழே வேறு கையெழுத்தில், "அஞ்சாவதுலயும்." கோணல்மாணலாக ஒரு குழந்தை: "பார்க் ஊஞ்சல் ஒடஞ்சிருச்சு."

கேள்வியைப் போட்டு, கீழே இடத்தையும் விட்டிருக்கிறேன் — பதில் சொல்லாமல் என்ன செய்வார்கள்! கடைக்காரர் போஸ்டரிலும் யாரோ முயன்றிருக்கிறார்கள். பளபளப்பில் மை இழுகிப்போயிருக்கிறது.

அக்காவின் வேனைத் தெருமுனையில் மறித்தேன். முறைத்துக்கொண்டே இறங்கினாள். ஒவ்வொரு வரியாகப் படித்தாள், முகம் மாறியது.

"குழி எல்லாம் எனக்குத் தெரியும்டி. இந்த லைட் தெரியாது. நான் பகல்லதானே வர்றேன்." பிறகு, "பேனா இருக்கா?"

பேனாவை ஒரு நூலில் கட்டி ஆணியில் மாட்டினாள். அத்தான் கடைக்குப் போய்க் கட்டுக்கட்டாகப் பேனா வாங்கிவந்தார். எனக்குச் சத்தம் போட்டுப் பாட வேண்டும் போல இருந்தது.

ஜூன் 21
டீச்சரிடம் சொன்னேன். "காலி இடம் கண்ணுக்கு ஓய்வுன்னுதான் நான் சொல்லிக்குடுத்தேன். கைக்கு வேலை குடுக்கும்னு நெனச்சதே இல்ல," என்று எல்லாரையும் கூப்பிட்டு என்னைக் கதை சொல்ல வைத்தாள்.

அக்கா இப்போது சாயங்காலமும் தெருத்தெருவாக நடக்கிறாள், போஸ்டரில் எழுதியவர்களைத் தேடி.

ஜூன் 25
கடைக்காரர் புதுப் போஸ்டர் அடித்திருக்கிறார். பாதி காலி! ஆனால் அதே பளபளப்புத் தாள். பேனா வழுக்குகிறது. சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

ஜூலை 2
ஓட்டுப் போட்டாச்சு. கையும் ஓடல, காலும் ஓடல.

ஜூலை 26
வார்டு ஆபீஸ் வாசலுக்கு ஒரு அறிவிப்புப் பலகை செய்யச் சொல்லி கவுன்சிலர் அக்காவின் உத்தரவு. "என் போட்டோ வேணாம். எடம் விடு, நெறைய." பிரஸ்காரர் ரோஜாப்பூ பேச்சையே எடுக்கவில்லை.

சாயங்காலம் வேனில் மூன்றாவது தெரு வழியாக வந்தோம். இருட்டிக்கொண்டு வந்தது. புது விளக்கு வெளிச்சத்தில் பழைய போஸ்டர் நன்றாகத் தெரிந்தது. அக்கா வண்டியை நிறுத்தி இறங்கினாள். நூலில் தொங்கிய பேனாவை எடுத்து, "மூணாவது தெருவுல லைட் எரியல" என்ற வரியை நிதானமாக அடித்தாள்.

அடுத்த வரியில் பேனாவை வைக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள்.

"அஞ்சாவது இன்னும் பாக்கிடி," என்று வந்து வண்டியை எடுத்தாள்.