ஏழு அறைப் பெட்டியில் வெள்ளை மாத்திரை

12 பிப்ரவரி 2023, ஞாயிறு

காலையில் மூவார் ஆற்றோரக் கடையில் இவர் இரண்டு கிளாஸ் தே தாரிக், நுரைக்க ஆற்றிய பால் டீ, குடித்தார். இரண்டும் முழு கிளாஸ். டயாலிசிஸில் இருந்த நான்கு வருடமும் அரை கிளாஸோடு நிறுத்திக்கொண்ட மனிதர். இரண்டாவதைச் சொல்லுமுன் என் முகத்தைப் பார்த்தார். "குடிங்க, என் கிட்னிதானே, நான் பெர்மிஷன் குடுக்கிறேன்" என்றேன். என் இடப்பக்கத்துக் கிட்னி இவர் வயிற்றுக்குப் போய் இன்றோடு ஒன்பது வாரம்.

வீட்டுக்கு வந்து மாத்திரைப் பெட்டியை நிரப்பினேன். ஏழு நாளுக்கு ஏழு அறை. ஞாயிறுதோறும் இது என் வேலை, இவரைத் தொட விடுவதில்லை. என் கிட்னியை அந்நியமென்று இவர் உடம்பு தாக்காமலிருக்க மூன்று விதம். கிருமி தொற்றாமலிருக்க ஒரு பெரிய வெள்ளை மாத்திரை. அதைப் போட்டால்தான் இவருக்குக் குமட்டுகிறது.

15 பிப்ரவரி, புதன்

இவர் இரத்தத்தில் கிரியேட்டினின் 112-லிருந்து 129. கிட்னி தளர்ந்தால் ஏறும் எண். எங்கள் லேப்பிலேயே இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். அதே எண்.

வெள்ளை மாத்திரைதான் ஏற்றுகிறது. இருபத்திரண்டு வருடமாக இரத்தம் பார்க்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா? கிட்னி டாக்டர் சிந்துஜாவிடம் கேட்டால், "கொஞ்சம் ஏறும் அக்கா, பரவால்ல, நிறுத்திடாதீங்க" என்பார். போன மாதமே சொன்னதுதான். அவருக்குப் பரவாயில்லை. கொடுத்தது அவருடைய கிட்னி இல்லையே.

காய்ச்சல் இல்லை, சளி இல்லை. இல்லாத கிருமிக்கு எதற்கு மருந்து? இரண்டு வாரம் மட்டும் நிறுத்திப் பார்க்கிறேன்.

1 மார்ச், புதன்

113. குமட்டலும் நின்றுவிட்டது. நினைத்தது சரி. யாரிடமும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போகட்டும்.

19 மார்ச், ஞாயிறு

மூன்று நாளாக இவருக்குத் தலைவலி. இன்று இடக்கையால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. "கைய மடிச்சுப் படுத்துட்டேன் லா, மரத்துப் போச்சு" என்றார். மர நாற்காலிகளுக்கு இருபது வருடம் மெருகு போட்ட கை. உடம்பும் லேசாகச் சுடுகிறது.

பெட்டியை நிரப்பும்போது வெள்ளை மாத்திரை அட்டை கையில் பட்டது. திரும்ப டிராயருக்குள் வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன்?

23 மார்ச், வியாழன்

காலையில் குளியலறையில் விழுந்தார். வலிப்பு. ஆம்புலன்ஸில் ஜொகூர் பாரு. மூளை ஸ்கேனில் மூன்று வளையங்கள்.

25 மார்ச், சனி

டாக்சோபிளாஸ்மா. கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி.

டாக்டர் சிந்துஜா பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துக் காட்டினார். ஆபரேஷனுக்கு முன் என் இரத்தத்தில் அது வந்துபோன தடயம் இருந்தது. இவருடையதில் இல்லை. "சின்ன வயசுல வீட்டுல பூனை இருந்துச்சா அக்கா?" நான் வளர்ந்த பாலோவில் எங்கள் வீட்டில் பூனை இல்லாத நாள் ஏது? எனக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை. எத்தனையோ வருடமாக உள்ளே அடங்கிக் கிடந்தது, என் கிட்னியோடு இவருக்குள் போயிருக்கிறது.

மற்றக் கிருமிகள் மாதிரி இது வெளியே திரிவதில்லை. விழுங்க வந்த செல்லுக்குள்ளேயே ஒரு பை கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அந்த செல்லுக்கோ தனக்குள் குடியிருப்பதைக் கொல்லத் தானாகத் தோன்றாது. டி செல் என்ற காவல் செல் வந்து இன்டர்ஃபெரான் என்ற சமிக்ஞையைக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் அந்த செல்லுக்கு வெறி வந்துவிடும். பையைக் கிழிக்கும், உள்ளே இருப்பதைப் பட்டினி போடும், கொன்றுவிடும். என் உடம்பு நாளும் பொழுதும் இதைச் செய்துகொண்டிருந்திருக்கிறது, எனக்கே தெரியாமல்.

"அண்ணனுக்குக் குடுக்கிற மருந்து அந்த டி செல்லத்தான் அக்கா தூங்க வைக்குது. சிக்னல் குடுக்க ஆளில்ல. அதனாலதான் வெள்ள மாத்திர. அது ஒழுங்கா போயிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. போடுறாருல்ல?"

தலையை ஆட்டினேன். பாவி. தலையை ஆட்டினேன்.

26 மார்ச், ஞாயிறு

இன்று நிரப்பப் பெட்டி இல்லை.

27 மார்ச், திங்கள்

மருந்து மட்டும் போதவில்லை. இவருடைய செல்களை எழுப்ப வேண்டும் என்கிறார்கள். அடக்கி வைக்கும் மாத்திரைகளைக் குறைத்தால் டி செல் எழும், சமிக்ஞை போகும், மூளையில் இருப்பதைக் கொல்லும். ஆனால் எழுந்தது அதோடு நிற்காது. என் கிட்னியையும் பார்க்கும்.

இவருக்குக் கொஞ்சம் தெளிவு இருந்தது. நாக்குக் குழறியது, ஆனாலும் டாக்டரின் கோட்டைப் பிடித்துக்கொண்டார். "கொறைக்காதீங்க டாக்டர். அவ அறுத்துக் குடுத்தது. அதுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது."

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. டாக்டரைத் திரைக்கு இந்தப் பக்கம் இழுத்து வந்து சொல்லிவிட்டேன். வெள்ள மாத்திரய நான்தான் நிறுத்தினேன், கிரியேட்டினின் ஏறிச்சு, கிட்னிக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு...

எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "எத்தன வாரம்?"

"அஞ்சு."

"அந்த மாத்திர கிரியேட்டினின் நம்பரத்தான் அக்கா ஏத்தும். கிட்னிய ஒண்ணும் செய்யாது. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

கேட்டிருக்கலாம். லேப்பில் இருபத்திரண்டு வருடம் இருந்த திமிர் கேட்க விடவில்லை.

அடக்கி வைக்கும் மாத்திரைகளைக் குறைக்கச் சொல்லிவிட்டேன். இவர் வேண்டாமென்றதை மீறித்தான். திரைக்கு அந்தப் பக்கம் இவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்கினாரா?

14 ஏப்ரல், வெள்ளி

புது வருடம். வார்டில் யாரோ கேசரி கொடுத்தார்கள். இவர் வலக்கையால் தானே எடுத்துச் சாப்பிட்டார். ஸ்கேனில் வளையங்கள் சுருங்கியிருக்கின்றன. செல்கள் எழுந்துவிட்டன, வேலை செய்கின்றன. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

4 மே, வியாழன்

கிரியேட்டினின் 412. இரண்டு தடவை ஓட்டிப் பார்க்க இந்த முறை தைரியம் இல்லை.

9 மே, செவ்வாய்

பயாப்சி வந்துவிட்டது. டி செல்கள் கிட்னி முழுக்க நிறைந்திருக்கின்றன என்று எழுதியிருக்கிறார்கள். மூளையைக் காப்பாற்றியவை என்னைக் கண்டுபிடித்துவிட்டன. அவற்றைக் குற்றம் சொல்ல முடியாது. அவற்றின் வேலையே அதுதான்.

"இப்ப திரும்ப அடக்குனா டாக்சோ திரும்பும் அக்கா" என்றார் டாக்டர் சிந்துஜா. எனக்குத் தெரியும் என்றேன். இப்போது எல்லாம் தெரியும்.

இவரிடம் நான்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார், தழும்பு இருக்கும் பக்கம். "உனக்கு வலிச்சுச்சுல்ல அப்ப" என்றார். மாத்திரையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காமல் எப்படிச் சொல்வது?

11 ஜூன், ஞாயிறு

வீட்டுக்கு வந்து பத்து நாள். செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். பழைய சென்டர்தான்.

சமைத்துவிட்டு வந்து பார்த்தால் மேசையில் மாத்திரைப் பெட்டி திறந்திருந்தது. இவர் நிரப்பிக்கொண்டிருந்தார். இடக்கை இன்னும் மடங்கவில்லை. மூடிகளைப் பல்லால் கடித்துத் திறந்தார். நான் கை நீட்டினேன். பெட்டியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"விடு ராணி. இனிமே நானே போட்டுக்கிறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம். வெள்ளை மாத்திரைகளைக் கடைசியாக எடுத்தார். அறைக்கு ஒன்றாகப் போட்டு, ஏழையும் விரலால் தொட்டு எண்ணி மூடினார். அப்படியென்றால் அன்று திரைக்கு அந்தப் பக்கம் இவர் தூங்கவில்லை.

பெட்டியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"டீ போடுறியா?"

போட்டுக் கொண்டுவந்தேன். அரை கிளாஸ்.