மாப்பிள்ளை முன்வரிசையில் இருந்தார்

முதலியார்பேட்டை,
புதுச்சேரி,
6-4-1959

அன்பு மகள் செல்வாம்பாளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். வயிற்றுப் பிள்ளை உதைக்கிறதா?

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் நாடகம் நடந்தது. தெருவுக்குத் தெரு சாராயக்கடை உள்ள ஊரில் குடியைக் கண்டித்து நாடகம் போடும் துணிச்சல் எங்கள் சபாவுக்குத்தான் வரும். எனக்குப் பாட்டு வராது, வசனம் மறக்கும், தள்ளாடத்தான் லாயக்கு என்று செக்ரட்டரி தெய்வசிகாமணி குடிகாரன் வேஷத்தை என் தலையில் கட்டிவிட்டார்.

கடலூரிலிருந்து மாப்பிள்ளை வந்திருந்தார். மாலை போட்டு முன்வரிசையில் உட்கார வைத்தோம். நான் விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "மாமா, சத்தியமா நான் குடிக்கல மாமா!" என்றேன். கொட்டகையே விழுந்து சிரித்தது. கடைசியில் பெண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறும்போது, சிரித்த அதே ஜனம் மூக்கைச் சிந்தியது. சிரிப்போடு கலந்து கொடுத்தால் புத்திமதியும் இறங்கிவிடுகிறது பார்.

நேற்று பெரிய மார்க்கெட்டில் மீன்காரி மணியம்மாள், "தள்ளி நில்லுண்ணே, மீனுக்குப் போத ஏறிடப் போவுது" என்கிறாள்!

மாப்பிள்ளைதான் பாதியில் எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டார். நாடகம் பிடித்ததா என்று கேட்டு எழுது.

உன் அப்பா,
ஜானகிராமன்

முதலியார்பேட்டை,
27-4-1959

அம்மா செல்வா,

பதிலே காணோம். வளைகாப்புப் போட்டு உன்னை அழைத்துவர நாள் கேட்டால், சம்பந்தி "பார்க்கலாம்" என்று ஒரு வரி எழுதுகிறார். குடிகாரன் வீட்டுக்கு மருமகளை அனுப்புவதா என்று நினைத்துவிட்டாரோ? நான் மேடையில் குடித்தது பானகம். அதிலும் உன் அம்மா வெல்லத்தைக் குறைத்துவிட்டாள். வேண்டுமானால் நேரில் வந்து ஊதிக் காட்டுகிறேன்.

உனக்கென்று அம்மா கட்டிலைக் காற்றோட்டமாக இழுத்துப் போட்டிருக்கிறாள். நான் உட்கார்ந்தால், "எழுந்திரிங்க, எம் பொண்ணு வர எடம்" என்கிறாள். நானும் எழுந்து நின்றுகொண்டே இருக்கிறேன். சீக்கிரம் வா.

அப்பா

கடலூர்,
4-5-1959

அன்புள்ள அப்பாவுக்கு, செல்வாம்பாள் வணக்கம்.

மாமனார் மேல் தப்பில்லை. போன தீபாவளிக்கு நம் வீட்டு வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு உங்கள் மாப்பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே மேடையில் சொல்லிவிட்டீர்களே அப்பா! இங்கே மதுவிலக்கு. மளிகைச் சரக்கு எடுக்க என்று இவர் அடிக்கடி புதுச்சேரி வந்ததெல்லாம் எதற்கென்று உங்களுக்குத் தெரியாதா?

"மால போட்டு ஒக்கார வெச்சி, ஊரே சிரிக்க வெச்சிட்டாரு உங்கப்பா" என்கிறார். நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்றால் நம்ப மறுக்கிறார்.

ஆனால் அன்றையிலிருந்து ஒரு சொட்டுத் தொடவில்லை. பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு வந்துவிடுகிறார். உங்கள் வாசலை மிதிக்க மாட்டேன், என்னையும் அனுப்ப மாட்டேன் என்பதில் மட்டும் பிடிவாதம். இப்படி இருப்பவரோடு மல்லுக்கு நிற்க எனக்கு மனசு வரவில்லை அப்பா. பிரசவம் இங்கேதான். அம்மாவை மட்டுமாவது அனுப்புங்கள். உங்களைப் பார்க்காமல் என்னவோ போல இருக்கிறது.

செல்வா

முதலியார்பேட்டை,
9-5-1959

என் கண்ணே,

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "காமிக்கறதுக்கு ஊர்ல வேற குடிகாரனே கெடைக்கலியா ஒங்களுக்கு?" என்றாள் உன் அம்மா. நடிக்கத் தெரியாதவன் கண்ணால் பார்த்ததைத்தானே செய்வான்? ஒத்திகையில் எல்லாரும் சிரித்தார்கள். அந்த மயக்கத்தில், அது யாருடைய வார்த்தை என்று நான் யோசிக்கவே இல்லை.

"ஒருத்தன் திருந்தினாலும் நமக்கு வெற்றிதான்" என்று அன்றைக்கு தெய்வசிகாமணி மைக்கில் பேசினார். அந்த ஒருத்தன் என் மாப்பிள்ளையாக இருப்பார் என்று யார் கண்டது? சந்தோஷப்படவும் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை. வில்லியனூரில் மறுபடி போடக் கூப்பிடுகிறார்கள். வேஷத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் அம்மா வருகிறாள். பிள்ளை மருந்தும் பழந்துணியுமாக மூட்டை கனம். அதனால் கடலூர் வரை நானும் வருகிறேன். மாப்பிள்ளையை ஸ்டாண்டுக்கு வரச் சொல். நான் இறங்க மாட்டேன். மூட்டையை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன். அவர் என்னோடு பேச வேண்டாம், முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம். மூட்டையோடு உன் வீட்டுப் பக்கம் நேராக நடந்து போவதை முதுகுப்புறமாக நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அப்பா